குடும்பத்தோடு தாய்நாடு திரும்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

11 வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு நாங்கள் தாய்நாடு திரும்பினோம். அன்றிலிருந்து, திரும்ப நினைக்கிற நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் போன் செய்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்கிறவர் மாறினாலும் சந்தேகம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லும்போது எதையாவது விட்டுவிடுகிறேன். அதனால் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி, பதில்களை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குப் போனாலும் பொருந்துகிற விஷயங்களையே எடுத்துக்கொண்டேன். உங்கள் இரண்டு நாடுகளின் விதிகளையும் அந்தந்த அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவு பண்ணிவிட்டோம். ஆனால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. முதலில் என்ன செய்யணும்?

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம், இப்போது இருக்கும் நாட்டில் நீங்கள் நேரில் இருந்தால்தான் முடியும் என்கிற வேலைகள். வலது பக்கம், எங்கிருந்தும் முடித்துக்கொள்ளக்கூடியவை. பள்ளியில் சான்றிதழ் வாங்குவது, கைரேகை கொடுப்பது, வங்கியில் கையெழுத்துப் போடுவது, மருத்துவரிடம் கோப்பு வாங்குவது, பிள்ளைகள் நண்பர்களிடம் விடைபெறுவது எல்லாம் இடது பக்கம். சோபா, கட்டில், பாத்திரம் எல்லாம் வலது பக்கம்.

பெரும்பாலானவர்கள் வலது பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். எதை விற்பது, எதைக் கொண்டுபோவது என்ற பேச்சிலேயே இரண்டு மாதம் ஓடிவிடும். சாமானை எங்கே போனாலும் வாங்கிக்கொள்ளலாம். ஒரே ஒரு கையெழுத்துக்காக மறுபடி டிக்கெட் போட்டுப் பறந்து வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இடது பக்கம் முதலில். கீழே பல பதில்களில் இந்தத் தாளைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

எவ்வளவு நாள் முன்னாடியே ஆரம்பிக்கணும்? ஆறு மாசம் போதுமா?

பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் சொந்த வீடும் இருந்தால் ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீடு, சின்னக் குழந்தை என்றால் ஆறு மாதம் தாராளம். நாள் பிடிப்பது மூட்டை கட்டுவது இல்லை. பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், வீட்டு விற்பனை, வளர்ப்புப் பிராணி ஆகிய நான்கும்தான் இழுக்கும்.

திடீரென்று வேலை போய், விசா கெடு நெருங்கி, இரண்டு மாதத்தில் கிளம்ப வேண்டிய நிலை சிலருக்கு வரும். அப்படியென்றால் தாளின் இடது பக்கத்தை மட்டும் செய்யுங்கள். சாமானை ஒரு கிடங்கில் போட்டுவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். அதைப் பிறகு நிதானமாக வரவழைத்துக்கொள்ளலாம்.

என்னென்ன காகிதம் கையில் இருக்கணும்?

பிறப்புச் சான்று, திருமணச் சான்று, படிப்புச் சான்றுகள், வேலை பார்த்த ஒவ்வொரு இடத்திலும் அனுபவக் கடிதம், வரிக்கணக்குத் தாக்கல் செய்த நகல்கள், மருத்துவக் கோப்பு, தடுப்பூசி அட்டை, பிள்ளைகளின் பள்ளிப் பதிவேடு. இவை எல்லோருக்கும் தோன்றுகிறவை.

பலர் மறப்பது இரண்டு. ஒன்று, காவல்துறை நன்னடத்தைச் சான்று. பிற்காலத்தில் வேறு வேலைக்கோ வேறு விசாவுக்கோ, நீங்கள் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் அதைக் கேட்கலாம். சில சமயம் அண்மையில் எடுத்ததுதான் வேண்டும் என்பார்கள். ஆனாலும் எப்படி விண்ணப்பிப்பது என்று அங்கே இருக்கும்போதே தெரிந்துகொண்டு, கைரேகை தேவைப்படும் நாடாக இருந்தால் ஒரு செட் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. இரண்டாவது, வாகனக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து, இத்தனை வருடம் இழப்பீடு எதுவும் கேட்கவில்லை என்கிற கடிதம். சில நாடுகளில் புதுக் காப்பீட்டின் கட்டணத்தை அது குறைக்கும்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். அப்புறம், பெயர்களை உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் மகனின் பிறப்புச் சான்றில் அவன் அம்மா பெயரில் ஓர் எழுத்து கூடுதல். பத்து வருடமாக யார் கண்ணிலும் படவில்லை. பாஸ்போர்ட்டையும் சான்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதே ஊரில் இருந்ததால் இரண்டு வாரத்தில் திருத்தம் கிடைத்தது.

அப்போஸ்டில் வாங்கிக்கோ என்கிறார்கள். அது என்ன? எல்லாக் காகிதத்துக்கும் வேண்டுமா?

ஒரு நாட்டு அரசு கொடுத்த ஆவணத்தை இன்னொரு நாடு நம்புவதற்காக, அதில் இருக்கும் கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று சான்று சொல்லும் முத்திரைத் தாள் அது. 1961 அக்டோபர் 5 அன்று ஹேக் நகரில் உருவான ஒப்பந்தத்தின்படி நடக்கிறது. 120க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. உங்கள் இரண்டு நாடுகளும் உறுப்பினர்கள் என்றால் இந்த ஒரு தாள் போதும். ஒன்று இல்லையென்றாலும், வெளியுறவுத் துறை, பிறகு தூதரகம் என்று படிப்படியாகச் சான்றொப்பம் வாங்க வேண்டியிருக்கும்.

ஆவணம் எந்த நாட்டில் வழங்கப்பட்டதோ அந்த நாட்டில்தான் அப்போஸ்டில் வாங்க முடியும் என்பதுதான் முக்கியமான விஷயம். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வேலை கெட்டது. எல்லாவற்றுக்கும் வேண்டாம். பிறப்பு, திருமணம், படிப்பு, தேவைப்பட்டால் தத்தெடுப்பு அல்லது மணவிலக்குத் தீர்ப்பு, இவை போதும். ஆவணம் வேறு மொழியில் இருந்தால் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பும் சேர வேண்டும். அந்த மொழிபெயர்ப்பை யார் செய்தால் செல்லும் என்பதைப் போய்ச் சேரும் நாடுதான் முடிவு செய்யும்.

குழந்தை இங்கேதான் பிறந்தது. இந்த நாட்டு பாஸ்போர்ட். நம் நாட்டுக்கு வந்தால் அது வெளிநாட்டுக் குழந்தையா?

சட்டப்படி அப்படி ஆகக்கூடும். சில நாடுகள் இரட்டைக் குடியுரிமையை ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. ஏற்காத நாடாக இருந்தால் குழந்தைக்கு நீண்டகால விசாவோ வம்சாவளியினருக்கான தனி அட்டையோ எடுக்க வேண்டும். பெற்றோர் இருவருக்கும் டிக்கெட் போட்டுவிட்டு, குழந்தையின் விசா வராமல் தவிக்கிற குடும்பங்கள் நிறைய. சொந்த நாட்டுக்குப் போகிறோம் என்ற நினைப்பில் விசா என்ற சொல்லே மனதுக்கு வராது.

அந்த விசாவுக்குப் பெற்றோரின் பழைய ஆவணங்களைக் கேட்பார்கள். நீங்களே குடியுரிமை மாறியவர் என்றால், பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்ததற்கான சான்றும் தேவைப்படலாம். பாஸ்போர்ட் முடியும் தேதியையும் பாருங்கள். குழந்தைகளின் பாஸ்போர்ட் பல நாடுகளில் ஐந்து வருடத்துக்கு மட்டுமே செல்லும். கிளம்பும் முன்பே புதுப்பித்துவிட்டால், போன புதிதில் தூதரகத்துக்கு அலைய வேண்டாம்.

சாமானெல்லாம் கப்பலில் கொண்டுபோகலாமா, இல்லை விற்றுவிடலாமா?

இதை மனதால் முடிவு செய்யாதீர்கள், அளவு நாடாவால் முடிவு செய்யுங்கள். 20 அடி கண்டெய்னரின் உள்ளே சுமார் 33 கன மீட்டர் இடம் இருக்கும். 40 அடி என்றால் சுமார் 67. நடைமுறையில் இந்த இடம் முழுக்க நிரம்பாது, இடுக்குகள் வீணாகும். ஒவ்வொரு பொருளின் நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். கண்டெய்னர் நிரம்பாது என்றால் மற்றவர்களின் சாமானோடு பங்குக் கண்டெய்னரில் அனுப்பலாம். செலவு குறையும், ஆனால் கூட்டுச் சரக்கு சேரும்வரை காத்திருக்க வேண்டும், பிரித்து எடுக்கும்போது கூடுதலாகக் கை படும்.

விமானச் சரக்கில் எடை மட்டும் பார்ப்பதில்லை. சென்டிமீட்டரில் நீளம், அகலம், உயரம் பெருக்கி 6000ஆல் வகுப்பார்கள். 60, 50, 40 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 20 கிலோ. அதற்குள் நீங்கள் தலையணை வைத்து நிஜ எடை 6 கிலோ ஆனாலும் 20 கிலோவுக்குத்தான் காசு. புத்தகம் மாதிரி கனமான சின்னப் பொருள் கப்பலில் லாபம், ஏனென்றால் அங்கே கணக்கு பெரும்பாலும் இடத்துக்கு.

என் கருத்தைக் கேட்டால், பெரிய மரச்சாமான்களை விட்டுவிடுங்கள். புது வீட்டின் அறை அளவு தெரியாமல் கட்டிலைக் கடல் கடத்துவது வீண். புத்தகம், படங்கள், பிள்ளைகள் வரைந்தவை, பாட்டி தாத்தா கொடுத்தவை, நல்ல கருவிகள், இவற்றைக் கொண்டுபோங்கள். மரப்பெட்டியில் அடைப்பதாக இருந்தால் அந்த மரத்தில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேசத் தர விதி அது. மரத்தின் மையம்வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைப்பது அது ஏற்கும் ஒரு முறை. முத்திரை இல்லாத மரத்தைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடலாம்.

மின்சாதனங்கள் அங்கே வேலை செய்யுமா? ஒரு மாற்றி வாங்கினால் போதும் என்கிறார்களே?

சாதனத்தைத் திருப்பிப் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் கவலையே இல்லை. மடிக்கணினி, போன், கேமரா சார்ஜர்கள் பெரும்பாலும் அப்படித்தான். முனை மட்டும் மாற்றினால் போதும்.

எங்கள் தையல் மெஷினின் அடியில் '120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்' என்று மட்டும் இருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60க்கு வடிவமைத்த மோட்டார் 50இல் ஓடும்போது, அதன் வகையைப் பொறுத்து வேகம் குறையலாம், சூடு ஏறலாம். சூடேற்றும் சாதனங்கள் வாட் அதிகம் இழுப்பதால் அவற்றுக்கு வேண்டிய டிரான்ஸ்ஃபார்மர் பெரிய செங்கல் அளவுக்குக் கனமாக இருக்கும். துணி துவைக்கும் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றை விற்றுவிடுவதுதான் சரி. அங்கே பழுதானால் உதிரிபாகமும் கிடைக்காது.

பேக்கிங் நாங்களே பண்ணினால் காசு மிச்சம்தானே?

மிச்சம்தான். ஆனால் காப்பீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. உரிமையாளரே அடைத்த பெட்டியில் உள்ளே உடைந்ததற்குப் பல காப்பீடுகள் பணம் தராது. பெட்டியே தொலைந்தால்தான் தரும். அதனால் துணி, புத்தகம், பொம்மை எல்லாம் நீங்கள் அடையுங்கள். கண்ணாடி, பீங்கான், மின்னணுப் பொருட்களை அவர்கள் அடைக்கட்டும். விலைப்பட்டியலில் வாங்கிய விலையைப் போடாமல், போய்ச் சேரும் இடத்தில் அதே பொருளைப் புதிதாக வாங்க ஆகும் விலையைப் போடலாமா என்று காப்பீட்டாரிடம் கேளுங்கள்.

காப்பீடே வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கப்பல் ஆபத்தில் சிக்கி, அதைக் காப்பாற்ற ஒரு பகுதிச் சரக்கைக் கடலில் எறிந்தாலோ பெருஞ்செலவு செய்தாலோ, அந்த நஷ்டத்தைக் கப்பலில் சரக்கு வைத்திருக்கும் அத்தனை பேரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மிகப் பழைய கடல் சட்டம் இது, இன்றும் அமலில் இருக்கிறது. உங்கள் பெட்டிக்கு ஒரு கீறல்கூட விழாமல் இருந்தாலும், பங்கைக் கட்டினால்தான் கைக்கு வரும். காப்பீடு இருந்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நம்ம வீட்டுப் பழைய சாமானுக்குமா சுங்க வரி?

குடிபெயர்ந்து திரும்புகிறவர்களுக்குப் பல நாடுகளில் வரிச்சலுகை உண்டு. நிபந்தனைகள் ஒரே குடும்பத்துச் சாயலில் இருக்கும். இத்தனை காலம் வெளியே இருந்திருக்க வேண்டும், பொருளை நீங்கள் உபயோகித்திருக்க வேண்டும், வந்த பின் உடனே விற்கக்கூடாது. உதாரணமாக ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக 12 மாதம் வெளியே வாழ்ந்திருக்க வேண்டும், பொருளைக் குறைந்தது 6 மாதம் உபயோகித்திருக்க வேண்டும், கொண்டுவந்த பிறகு 12 மாதத்துக்கு விற்கக்கூடாது.

அதனால், அங்கே போனால் விலை ஜாஸ்தி என்று கிளம்பும் வாரத்தில் புதுத் தொலைக்காட்சி வாங்கினால் சலுகை கிடைக்காமல் போகலாம். வாங்குவதாக இருந்தால் முன்கூட்டியே வாங்கி, ரசீதை வைத்திருங்கள். பெட்டிப் பட்டியலில் 'வீட்டுச் சாமான்' என்று பொதுவாக எழுதாதீர்கள். பெட்டி 14, குழந்தைப் புத்தகங்கள் 32, மேசை விளக்கு 1 என்று எழுதினால் அதிகாரி பிரித்துப் பார்க்கும் தேவை குறையும். சரக்கு வந்து இறங்கும்போது நீங்களும் அந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது பல இடங்களில் விதி. ஆள் வராவிட்டால் துறைமுகத்தில் நாள் வாடகை ஏறிக்கொண்டே போகும்.

விமானத்தில் கையோடு என்னென்ன எடுத்துப் போவது?

அசல் ஆவணங்கள், நகை, மருந்து, ஹார்டு டிஸ்க், ஒரு செட் உடை. உதிரி லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில் மட்டும்தான் வரலாம், சரக்குப் பெட்டியில் வைக்கக்கூடாது. 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி கேட்க வேண்டியதில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். பெரிய தொகையை ரொக்கமாக எடுத்துப் போவதாக இருந்தால் அறிவிக்க வேண்டும். அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல், ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோவும் அதற்கு மேலும். கொண்டுபோவது குற்றமில்லை, அறிவிக்காமல் போவதுதான் குற்றம்.

நாயை விட்டுவிட்டு வர மனசில்லை. கூட்டிக்கொண்டு போக முடியுமா?

முடியும், ஆனால் இன்றே ஆரம்பியுங்கள். வேலைகள் வரிசை மாறக்கூடாது. முதலில் ஐஎஸ்ஓ தரத்தில் 15 இலக்க மைக்ரோசிப், அதன் பிறகு வெறிநாய்க்கடித் தடுப்பூசி. சிப்புக்கு முன்னால் போட்ட ஊசியைப் பல நாடுகள் கணக்கில் எடுப்பதில்லை. சில நாடுகள் ரத்தப் பரிசோதனையும் கேட்கும். எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்குக் குறைந்தது 0.5 சர்வதேச அலகு இருக்க வேண்டும். அது தேறிய பிறகும் காத்திருப்புக் காலம் உண்டு. ஜப்பானில் அது 180 நாள்.

தட்டை மூக்கு இன நாய்களுக்கு விமானத்தில் மூச்சுத் திணறும் அபாயம் அதிகம் என்பதால் பல நிறுவனங்கள் அவற்றை ஏற்றுவதில்லை. கூண்டைப் பல வாரம் முன்பே வீட்டில் திறந்து வைத்து, நாய் தானாக உள்ளே போய்த் தூங்கப் பழக்குங்கள். அதற்கு இதுதான் பெரிய உதவி.

வங்கிக் கணக்குகளை எல்லாம் மூடிவிட்டுத்தானே கிளம்பணும்?

அவசரப்படாதீர்கள். கிளம்பிய பிறகும் வாடகை முன்பணம், கடைசிச் சம்பளம், திரும்பி வர வேண்டிய வரிப்பணம் எல்லாம் அந்தக் கணக்குக்குத்தான் வரும். ஒரு கணக்கையாவது ஒரு வருடம் வைத்திருங்கள். ஆனால் வெளிநாட்டு முகவரிக்கு மாறினால் கணக்கை வைத்திருக்க விடுவார்களா என்று வங்கியிலேயே நேரில் கேளுங்கள். சில வங்கிகளும் முதலீட்டு நிறுவனங்களும் அனுமதிப்பதில்லை. முகவரியை மாற்றாமல் மறைத்து வைப்பது பின்னால் கணக்கு முடங்க வழி. தாய்நாட்டில் உங்களுக்குப் பழைய கணக்கு இருந்தால், வெளிநாடு வாழ்பவர் என்ற நிலையிலிருந்து மாற்ற வேண்டியதும் இருக்கும்.

சேமிப்பை ஒரே நாளில் மொத்தமாக மாற்றாமல், பகுதி பகுதியாக அனுப்புவது என் பழக்கம். அன்றைய மாற்று விகிதம் நம் கையில் இல்லை.

பழைய போன் நம்பரை விட்டுவிட்டோம். இப்போது ஓடிபி வராமல் எந்தக் கணக்கையும் திறக்க முடியவில்லை. என்ன செய்வது?

எனக்கு அதிகம் வரும் அழைப்பு இதுதான். எண் கைவிட்டுப் போன பிறகு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அடையாள ஆவணம் அனுப்பிக் கெஞ்ச வேண்டும், சிலர் நேரில் வரச் சொல்வார்கள். இது தாளின் இடது பக்கத்தில் முதல் வரியாக இருக்க வேண்டிய வேலை.

இன்னும் கிளம்பாதவர்கள், ஒரு மாதம் எந்தெந்த இடத்திலிருந்து ஓடிபி வருகிறது என்று எழுதி வையுங்கள். முடிந்த இடத்திலெல்லாம் குறியீடு காட்டும் செயலிக்கு மாறுங்கள். மீதிக்கு, பழைய எண்ணை மிக மலிவான திட்டத்துக்கு மாற்றி, வெளிநாட்டிலும் குறுஞ்செய்தி வருகிறதா என்று உறுதி செய்து, ஒரு வருடமாவது உயிரோடு வைத்திருங்கள். புதுப் போனுக்கு மாறுகிறவர்கள் பழைய போனை அழிக்கும் முன் அந்தச் செயலியை மாற்றிவிட்டீர்களா என்று பாருங்கள்.

வரி எந்த நாட்டில் கட்டணும்? 183 நாள் விதி என்கிறார்கள்.

பல நாடுகள் ஒரு வரியாண்டில் 183 நாள் அளவில் தங்கினால் வரிக் குடியிருப்பாளர் என்று வைக்கின்றன. ஆனால் அது மட்டுமே விதி இல்லை. நிரந்தர வீடு எங்கே, குடும்பம் எங்கே என்றும் பார்ப்பார்கள். இரண்டு நாடுமே உங்களைத் தன்னுடையவர் என்று சொன்னால், இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் வரிசையாகப் பார்க்கும். நிரந்தர வீடு, பிறகு வாழ்க்கையும் பொருளாதார உறவும் எங்கே நெருக்கம், பிறகு வழக்கமாக வசிப்பது எங்கே, கடைசியாகக் குடியுரிமை.

வரியாண்டு தொடங்கும் மாதம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் கிளம்பும் தேதி இரண்டு மூன்று வாரம் தள்ளினாலே கணக்கு மாறலாம். பங்கு, வீடு விற்பது போன்ற பெரிய வேலைகளைக் குடியிருப்பு நிலை மாறும் முன் செய்வதா, பின் செய்வதா என்று, இரண்டு நாட்டு வரியும் தெரிந்த ஒருவரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துக் கேளுங்கள். இந்த ஒரு இடத்தில் நண்பர்களின் அனுபவத்தை நம்ப வேண்டாம், என்னுடையதையும் சேர்த்துத்தான். இன்னொன்று, அமெரிக்கா குடியுரிமையை வைத்து வரி கேட்கிறது. அங்கே பிறந்து அந்த நாட்டுக் குடியுரிமை உள்ள குழந்தைக்கும் அது பொருந்தும்.

இத்தனை வருஷம் கட்டின ஓய்வூதியப் பணம் போச்சா?

பெரும்பாலும் போகாது. சில நாடுகளில் தற்காலிக விசாவில் இருந்தவர்கள் கிளம்பிய பிறகு எடுத்துக்கொள்ளலாம், ஆஸ்திரேலியாவின் சூப்பரானுவேஷன் அப்படி. சில நாடுகளில் குறைந்தபட்ச காலம் உண்டு. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பில் 40 கிரெடிட், அதாவது ஏறத்தாழ 10 வருட வேலை. சில மாதம்தான் குறைகிறது என்றால் கிளம்பும் தேதியை யோசிக்கலாம். சில நாடுகளுக்கிடையே இரண்டு இடத்துக் காலத்தையும் சேர்த்துக் கணக்கிடும் உடன்பாடும் இருக்கிறது. உங்கள் கணக்கு அறிக்கையை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி எப்படிப் பார்ப்பது? வருஷ நடுவில் சேர்க்க மாட்டார்களே?

கல்வியாண்டு எப்போது தொடங்குகிறது என்பதைப் பொறுத்துக் கிளம்பும் மாதத்தை வையுங்கள். வேலையும் வீடும் அதற்கு வளைந்து கொடுக்கும். ஒரு கல்வியாண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் இரண்டு மூன்று வாரம் கிடைத்தால் நல்லது. வந்து இறங்கிய மறுநாளே வகுப்பில் உட்கார வைப்பது கொடுமை. நீண்ட விடுமுறைக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தாலும் நண்பர்கள் இல்லாமல் சும்மா இருக்க வேண்டும்.

பொதுத் தேர்வுக்கு முந்தைய இரண்டு வருடம்தான் கடினமான காலம். அந்த வயதில் பிள்ளை இருந்தால், முடித்துவிட்டுக் கிளம்புவதா, அல்லது இரண்டு நாட்டிலும் இருக்கும் சர்வதேசப் பாடத்திட்டத்தில் தொடர்வதா என்று யோசியுங்கள். பள்ளியிலிருந்து மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. எந்தப் பாடத்தில் எதுவரை நடத்தினார்கள் என்ற பாடத்திட்ட விவரத்தையும், கற்றலில் தனி உதவி வாங்கும் பிள்ளை என்றால் அந்த மதிப்பீட்டு அறிக்கையையும் வாங்குங்கள். அந்த அறிக்கை இல்லாமல் புது இடத்தில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பிள்ளைக்கு நம் மொழி புரியும், பேசவும் செய்வான். எழுதத்தான் வராது. சமாளிப்பானா?

பேசுகிற மொழி வேறு, பாடப்புத்தக மொழி வேறு. வீட்டில் சரளமாகப் பேசும் குழந்தை கணக்குப் புத்தகத்தில் ஒரு வாக்கியத்தில் திணறும், அது இயல்பு. கிளம்பும் முன் ஆறு மாதம் தினமும் இருபது நிமிடம் எழுத்து பழக்குங்கள். நீளமான பாடம் வேண்டாம். கடைப் பட்டியலை அவன் எழுதட்டும், தாத்தாவுக்கு இரண்டு வரி எழுதட்டும். புதுப் பள்ளியில், மொழிப்பாடத்தில் முதல் வருடம் சலுகை உண்டா என்று சேரும்போதே கேளுங்கள்.

மகள் வர மாட்டேன் என்று அழுகிறாள். என்ன சொல்லிச் சமாதானப்படுத்துவது?

சமாதானப்படுத்த வேண்டாம். அவள் இழப்பது உண்மை. உங்களுக்கு அது திரும்பிப் போவது, அவளுக்கு அது கிளம்பிப் போவது. இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் பாதிப் பேச்சு சரியாகிவிடும். பெற்றோரின் நாட்டுக்கு வெளியே வளரும் பிள்ளைகளை ரூத் யூசீம் என்ற சமூகவியலாளர் 1950களிலேயே ஆராய்ந்து, மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள் என்று பெயர் வைத்தார். வீட்டுப் பண்பாடும் இல்லை, வெளிப் பண்பாடும் இல்லை, நடுவில் தங்களுக்கென ஒன்று. உங்கள் மகள் வீடு என்று நினைப்பது அதைத்தான்.

எங்கள் மகளுக்கு அப்போது வயது 10. ஒரு பெட்டியை அவளிடமே கொடுத்து, உள்ளே என்ன வைக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டோம் என்றோம். மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். அறைக் கதவில் ஒட்டியிருந்த தன் பெயர்ப் பலகையைக் கத்தி வைத்துச் சுரண்டி எடுத்து, ஒரு காலுறைக்குள் சுருட்டி வைத்ததைப் பிறகுதான் பார்த்தோம். புது வீட்டில் முதலில் பிரித்தது அந்தப் பெட்டிதான். பலகையின் ஓரத்தில் பழைய கதவின் பெயின்ட் ஒட்டிக்கொண்டிருந்தது, அதோடே புதுக் கதவில் மாட்டினாள்.

விடைபெறுவதற்கு நேரம் கொடுங்கள். கடைசி வாரத்தில் வீடு பெட்டியும் டேப்புமாக இருக்கும், அதனால் நண்பர்கள் சந்திப்பை மூன்று வாரம் முன்பே வைத்துவிடுங்கள். ஆசிரியர், பக்கத்து வீட்டார், நூலகத்தில் தெரிந்தவர் என்று அவள் யார் யாரைச் சொல்கிறாளோ அத்தனை பேரிடமும் அழைத்துப் போங்கள். இதுவும் இடது பக்க வேலை.

மருந்து, தடுப்பூசி விஷயத்தில் என்ன கவனிக்கணும்?

மருந்தின் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மருத்துவரிடம் பொதுப் பெயரும் அளவும் எழுதி வாங்குங்கள். கவனக் குறைபாட்டுக்கு (ஏடிஎச்டி) தரும் ஊக்க மருந்துகள், வலுவான வலி நிவாரணிகள், தூக்க மருந்துகள் போன்றவற்றைச் சில நாடுகள் கட்டுப்படுத்துகின்றன, சிலவற்றைத் தடையே செய்கின்றன. முன் அனுமதி தேவையா என்று பாருங்கள். தடுப்பூசி அட்டவணையும் எல்லா நாட்டிலும் ஒன்று இல்லை. காசநோய்க்கான பிசிஜி சில நாடுகளில் வழக்கமாகப் போடுவதே இல்லை. ஸ்கேன் படங்களை அறிக்கையோடு மட்டும் நிறுத்தாமல், அசல் டிஜிட்டல் கோப்பாகவும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்குப் போகணும், துணைக்கு இஷ்டமில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் முதலில் கிளம்பலாமா?

சம்மதத்தோடு என்றால் கிளம்பலாம். எழுத்தில் ஒப்புதல் வாங்கி, நோட்டரியிடம் சான்று பெற்று வைத்திருங்கள், எல்லையில் கேட்பார்கள். சம்மதமில்லாமல் கூட்டிப் போவது வேறு விஷயம். குழந்தைக் கடத்தல் பற்றிய 1980ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்தில் இரண்டு நாடுகளும் இருந்தால், குழந்தை வழக்கமாக வசித்த நாட்டிலிருந்து மற்றப் பெற்றோரின் உரிமையை மீறிக் கொண்டுபோனால், திருப்பி அனுப்பச் சொல்லி நீதிமன்றம் ஆணையிட முடியும். சொந்த நாடுதானே என்பது அங்கே செல்லாது. மணவிலக்கு ஆனவர்கள் குழந்தை யார் பொறுப்பில் என்ற தீர்ப்பில் இடம் மாறுவது பற்றி என்ன இருக்கிறது என்று வழக்கறிஞரிடம் பார்த்த பிறகே டிக்கெட் போடுங்கள்.

சட்டத்தை விடுங்கள், மனம் ஒப்பாமல் வருகிற துணைக்கு அங்கே என்ன வேலை, யார் நண்பர்கள், ஒரு நாள் எப்படிப் போகும் என்று பேசாமல் இருந்தால் பிரச்சினை கூடவே பயணம் செய்யும். முடிந்தால் இருவரும் போய் ஒரு மாதம் விருந்தாளியாக இல்லாமல் இருந்து பாருங்கள். வாடகை வீட்டில் தங்கி, காலை நெரிசலில் அலுவலகப் பக்கம் போய்வந்து.

போய்ப் பிடிக்கவில்லை என்றால்? திரும்பி வர வழி இருக்கா?

குடியுரிமை இருந்தால் அது காத்திருக்கும். நிரந்தர வதிவுரிமை மட்டும் என்றால் கெடு உண்டு. அமெரிக்க கிரீன் கார்டு வைத்திருப்பவர், மறுநுழைவு அனுமதி வாங்காமல் ஒரு வருடமோ அதற்கு மேலோ வெளியே இருந்தால் அந்த அட்டையை வைத்துத் திரும்ப நுழைய முடியாது. அந்த அனுமதிக்குக் கிளம்பும் முன்பே, அங்கே இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். பிரிட்டனின் வழக்கமான நிரந்தர வதிவுரிமை தொடர்ந்து 2 வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் காலாவதியாகிவிடும். உங்கள் நாட்டில் என்ன கெடு என்று தெரிந்துகொண்டு, காலண்டரில் குறித்துவிடுங்கள். அதற்கு முன் ஒரு தேதியில் குடும்பமாக உட்கார்ந்து பேசுவோம் என்றும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆனால் முதல் சில மாதத்தில் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். வெளிநாடு போனவர்களின் மனநிலை முதலில் உயர்ந்து, இறங்கி, பிறகு தேறும் என்று நார்வே நாட்டுச் சமூகவியலாளர் லிஸ்கார்ட் 1955இல் எழுதினார். கல்லாஹார்ன் என்ற ஆய்வாளர் தம்பதியர் 1963இல், வீடு திரும்பும்போதும் அதே இறக்கம் இன்னொரு முறை வருகிறது என்றார்கள். வந்த புதிதில் எல்லாரும் பார்க்க வருவார்கள், சந்தோஷமாக இருக்கும். எங்களுக்கு நான்காவது மாதம் இறக்கம். கூட்டம் வடிந்து, அலுவலகப் படிவங்களில் முகவரிச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நேரம். மகன் பழைய நண்பனோடு பேச அதிகாலை அலாரம் வைத்து எழுவான். எட்டாவது மாதம் ஒரு நாள் அந்த அலாரம் அடித்தும் அவன் எழவில்லை. முந்தின நாள் மாலை தெருப் பிள்ளைகளோடு விளையாடிவிட்டுக் களைத்துப் போய்த் தூங்கிக்கொண்டிருந்தான்.